உப்பில்லாம்மாவுக்கு எண் இல்லை

சிறுநீரக வார்டுக்குள் அவள் நுழைந்தால் முப்பது கட்டில்களிலிருந்தும் ஒரே நேரத்தில் பெருமூச்சு கிளம்பும்.

"வந்துட்டாங்கய்யா உப்பில்லாம்மா. இன்னிக்கு வாயிலேருந்து எதைப் பிடுங்கப் போறாங்களோ" என்று ஒரு தலையணை முனகும்.

"காதுல விழுந்துச்சு. உங்க தக்காளியத்தான் பிடுங்கப் போறேன்" என்பாள்.

உப்பில்லாம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். யாரோ ஒருவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று எழுதி வைத்தார். அவள் அதை அழிக்கவில்லை. அதன் கீழேயே இன்னொரு வரி சேர்த்தாள்: 'உப்புள்ள பண்டம் ஐ.சி.யூ.விலே.' துப்புரவுப் பணியாளர்கள்கூட அந்த இரண்டு வரியைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தார்கள்.

இந்த நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை. சிறுநீரகம் கெட்டவர்களின் உடம்பு உப்பை வெளியே தள்ளாது. பொட்டாசியத்தையும் தள்ளாது. பொட்டாசியம் சேர்ந்தால் இதயம் தாளம் தப்பும், சில சமயம் நின்றும் போகும். அந்தப் பாழாய்ப்போன பொட்டாசியமோ உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். வாழைப்பழம், கீரை, இளநீர், உருளைக்கிழங்கு. கிழங்கைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து அதையும் கொட்டினால் பாதிக்கு மேல் போய்விடும். இதைத்தான் முப்பது கட்டிலுக்கும் முப்பது விதமாகத் தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரையும் கேட்க மாட்டாள். அப்படிக் கேட்டால் உலகத்தில் எல்லோரும் உத்தமர்கள். நோயாளியின் வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்களை எதிரில் நிற்க வைத்து, "வெறும் கையால சமைச்சுக் காட்டுங்க" என்பாள். முதலில் வெட்கப்படுவார்கள். பிறகு அடுப்புப் பற்றும், காற்றில் பாத்திரம் ஏறும், டப்பா திறக்கும். அவள் கண் அவர்கள் முகத்தில் இருக்காது, கையில் இருக்கும். "வாய் ஆயிரம் பொய் சொல்லும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பாள் கணவரிடம். அவர் ஜெராக்ஸ் கடைக்காரர். "அதான் நான் வீட்டுல கையக் கட்டிக்கிட்டே இருக்கேன்" என்பார்.

உணவு ஆலோசனை சொல்பவர்களுக்கு அரசு பதிவேடு வேண்டும், பதிவு எண் இல்லாதவன் வாய் திறக்கக் கூடாது என்று பத்து வருடம் கத்தியவர்களில் அவளும் ஒருத்தி. காரணம் இருந்தது. பழச்சாறு வைத்தியம் என்று ஒரு போலி ஆசாமி சொன்னதைக் கேட்டு, பதினேழாம் கட்டிலில் இருந்த தையல்காரர் வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் செத்துப்போனார். அவர் மனைவி பழச்சாற்றுப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் மனு எழுதினாள், கையெழுத்து வாங்கினாள், வெயிலில் பதாகை பிடித்தாள். கடைசியில் சட்டம் வந்தது. மன்றம் ஒன்று அமைத்தார்கள். ஆறு மாதத்துக்குள் எல்லோரும் பதிந்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகு எண் இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். செய்தி வந்த அன்று வார்டில் கை தட்டினார்கள். டயாலிசிஸ் ஊசி ஏறாத கையால் தொடையில் தட்டினார்கள்.

கை தட்டின சத்தம் அடங்குவதற்குள் அவள் விண்ணப்பம் திரும்பி வந்தது.

மன்ற அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு நேரில் போனாள். குமாஸ்தா அவள் பணிப் பதிவேட்டின் நகலைப் புரட்டினார்.

"இதுல சமையற்கூட மேற்பார்வையாளர்னுல்ல போட்டிருக்கு?"

"உணவியலாளர்னு ஆஸ்பத்திரியில பதவியே உருவாக்கல சார். காலியா இருந்த பதவியில என்னை உட்கார வெச்சாங்க. பார்க்கிற வேலை இதுதான்."

"வேலையப் பத்தி யாரும்மா கேட்டா? பதவி என்ன?"

"பட்டம் இருக்கு, பாருங்க."

"பட்டம் இருக்கட்டும். ரெண்டு வருஷமாவது உணவியலாளரா தொழில் செஞ்சதுக்கு அரசு முத்திரையோட ஒரு தாள் வேணும்."

"நான் எழுதின உணவுத்தாள் ஆயிரக்கணக்குல கிடக்கு."

"அதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே? தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியுமாம்மா?"

நியாயம்தான் என்று அவளே ஒரு நிமிடம் நினைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பிறகு பல நாள் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஏனென்றால் ஆஸ்பத்திரியின் எதிர்வரிசையில், எடை குறைக்கும் பவுடர் விற்கும் கடையில், அடுத்த வாரமே புதுப் பலகை ஏறியது. 'அரசு பதிவு பெற்ற உணவியல் நிபுணர். பதிவு எண் 41.' கடைக்காரர் முன்பு உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பு தூக்கச் சொல்லிக் கொடுத்தவர். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பவுடர் மாஸ்டர் என்று பெயர். சட்டத்தில் தனித்தொழில் செய்வோருக்கு என்று ஒரு பிரிவு இருந்தது. பத்து வருடம் தொழில் செய்ததாகத் தானே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும்.

"தனக்குத் தானே சாட்சி!" என்று அவள் வீட்டில் கத்தினதில் கணவர் கையிலிருந்த டம்ளர் நழுவியது. "திருடனத் தடுக்க வேலி கேட்டேன். வேலி வந்துச்சு. திருடன் உள்ள, நான் வெளிய!"

"மெதுவா. பக்கத்து வீட்டுக்காரங்க நான்தான் திருடன்னு நினைச்சுக்கப் போறாங்க."

"நினைக்கட்டும்!"

கெடு முடிந்த மறுநாள் காலை, அவள் எழுதிய முப்பது தாள்களையும் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் திருப்பி அனுப்பினார். கையெழுத்துக்குக் கீழே எண் இல்லை. "எனக்கு மட்டும் ஆசையாம்மா? சட்டம்னா சட்டம். உங்க பதவி சமையற்கூடம்தானே, கொஞ்ச நாள் அங்க இருங்க" என்றார். வார்டில் முப்பது பேருக்கும் ஒரே அச்சடித்த தாள் தொங்கியது. 'உப்பைக் குறைக்கவும். பழங்களைத் தவிர்க்கவும்.' இரண்டே வரி. அதைப் பார்த்த ஒரு நோயாளி, "சட்டம்கூட நமக்கு உப்புச் சப்பில்லாமத்தான் வருது" என்றார்.

அவள் சமையற்கூடத்தின் சரக்கறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அழுகின கிழங்கைப் பொறுக்கி வாளியில் எறிவது வேலை. அவள் எறிந்த எறியில் வாளி மூன்று முறை கவிழ்ந்தது. சமையல்காரர், "அம்மா, கிழங்கு மேல என்ன கோபம்? அது எண் கேட்டுச்சா?" என்று சிரித்தார். அவள் அடுத்த கிழங்கை இன்னும் வேகமாக எறிந்தாள்.

அங்கே வந்த மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, வேன்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கால் இரண்டும் துணி மாதிரித் துவண்டிருந்தன. ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்துக்குள் இருக்க வேண்டியது ஏழைத் தாண்டியிருந்தது. உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் டாக்டர் நோயாளியின் கோப்பில் 'உணவுக் கட்டுப்பாடு மீறல்' என்று எழுதினார். வேன்காரரின் மனைவியை நடுவார்டில் நிற்க வைத்து, "எத்தனை வாழைப்பழம் குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். யாரும் நம்பவில்லை. வேன்காரரின் தங்கையே, "அண்ணி, செஞ்சிருந்தாச் சொல்லிடுங்க, எங்கண்ணன் உயிரு" என்றாள்.

மனைவி சரக்கறை வாசலில் வந்து நின்றாள். அழக்கூட இல்லை.

"உப்பில்லாம்மா, நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன். எல்லாரும் சேர்ந்து என்னைப் புருஷனக் கொல்லப் பார்த்தவளாக்கிட்டாங்க."

சட்டப்படி உப்பில்லாம்மா சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு எண் இல்லை, போங்கள். அவள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள்.

"உள்ள வாங்க. நேத்து மத்தியானம் என்ன செஞ்சீங்களோ, அதை வெறும் கையால செஞ்சு காட்டுங்க."

மூட்டைகளுக்கு நடுவே காற்றில் அடுப்புப் பற்றியது. வேன்காரரின் மனைவி காற்றில் கிழங்கைச் சீவினாள், நறுக்கினாள், ஊறவைத்தாள், தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி வேகவைத்தாள், மறுபடி கொட்டினாள். ஒரு பிசகும் இல்லை. கடைசியில் வலது கை இடப்பக்கம் நீண்டு ஒரு டப்பாவைத் திறந்தது. மூன்று விரலால் அள்ளித் தாராளமாகத் தூவியது. ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை.

"நிறுத்துங்க. அது என்ன?"

"உப்பு."

"உப்பா?"

"இது அந்த உப்பு இல்லம்மா. நல்ல உப்பு. எதிர்க்கடை மாஸ்டர் குடுத்தாரு. இவருக்குக் கிட்னி இல்லன்னு சொல்லித்தான் கேட்டேன். சோடியம் கம்மி, எவ்வளவு வேணா போடலாம்னு சீட்டுல எழுதியே குடுத்தாரு. பாவம், மூணு வருஷமா சப்புன்னு சாப்பிடறாரு. வாய்க்கு ருசியா ஒரு வாய் குடுப்போம்னு..."

உப்பில்லாம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை நிரப்பின உப்பு அது. ரத்த அழுத்தம் உள்ளவனுக்கு நல்லது, சிறுநீரகம் இல்லாதவனுக்கு விஷம். முதல் வருட மாணவிக்குத் தெரிந்த விஷயம். எண் 41க்குத் தெரியவில்லை. இல்லை, தெரிந்துகொள்ள அவருக்கு அவசியமே இருந்ததில்லை.

"டப்பாவையும் சீட்டையும் எடுத்துட்டு வாங்க. உங்க மேல தப்பே இல்ல. கேட்டுதா? தப்பே இல்ல."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள்.

மன்றத்தின் புகார்ப் படிவம் நான்கு பக்கம். ஒன்பதாம் கேள்வி இப்படி இருந்தது: 'இத்தகவல் உங்களுக்கு எவ்வாறு தெரிய வந்தது? தேதி, இடம், அப்போது நீங்கள் செய்த பணி ஆகியவற்றைக் குறிப்பிடவும்.' அவள் உள்ளதை எழுதினாள். கணவர் நகல் எடுக்கும்போது படித்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் கை நின்றுவிட்டது.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறியா? கெடு முடிஞ்ச பிறகு நோயாளிய விசாரிச்சேன், ஆலோசனை சொன்னேன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றே. இனி உனக்கு இந்த ஜென்மத்துல எண் கிடைக்காது."

"வேற எப்படி எழுதறது? கனவுல உப்பு வந்து சொல்லுச்சுன்னா?"

அவர் தாளைத் திருப்பி மெஷினில் வைத்தார். பிறகு, "எத்தனை காப்பி?" என்றார்.

விசாரணை நாளன்று மன்றத்தின் நடைகூடத்தில் பவுடர் மாஸ்டர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். பனியன் மாதிரி ஒட்டின சட்டைக்கு மேல் கோட்டு, கோட்டில் எண் 41 பொறித்த வில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"அக்கா, நமக்குள்ள எதுக்குச் சண்டை? ரெண்டு பேரும் ஒரே தொழில்."

"யாரு அக்கா? எது ஒரே தொழில்?"

"கோபப்படாதீங்க. உங்களுக்கு நல்லதுதான் சொல்றேன். உள்ள போய், சமையற்கூட மேற்பார்வையாளரா சும்மா சமையலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்னு சொல்லிடுங்க. உங்க மேல கேஸ் நிக்காது. அப்புறம் உங்க ஃபைல நானே பேசி முடிச்சுத் தரேன். எண் கைக்கு வந்துடும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சின் கோடியில் வேன்காரரின் மனைவி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டரின் வாதம் சுருக்கமாக இருந்தது. உப்பு விற்றது உண்மை. ஆனால் அதனால்தான் நோயாளி விழுந்தார் என்று எந்த டாக்டர் எழுதினார்? கோப்பில் உணவுக் கட்டுப்பாடு மீறல் என்றுதானே இருக்கிறது? அந்தம்மா ஒளித்து வைத்துப் பழம் கொடுத்திருக்கலாமே?

தலைவர் வயதானவர், கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உப்பில்லாம்மாவைப் பார்த்தார்.

"ஒன்பதாம் கேள்விக்கு நீங்க எழுதினதை ஒரு தடவை யோசிங்கம்மா. முறைப்படி விசாரிச்சீங்களா, இல்ல பெண்கள் ரெண்டு பேர் சமையலப் பத்திப் பேசிக்கிட்டீங்களா? ரெண்டாவதுன்னா உங்களுக்குப் பிரச்சினை இல்ல."

அவள் தப்பிக்க ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பேச்சு என்று சொன்னால் அவள் தப்பிப்பாள். சொன்ன நொடியே அந்த டப்பா வெறும் டப்பா ஆகும், இரண்டு பெண்கள் பேசின வம்பு சாட்சி ஆகாது, பெஞ்சுக் கோடியில் இருக்கிறவள் ஆயுசுக்கும் பழம் கொடுத்தவளாகவே இருப்பாள். எதிர்க்கடையில் நாளைக்கும் அதே உப்பு விற்கும்.

"பேச்சு இல்லைங்க" என்றாள். குரல் உயர்ந்தது, அவள் அடக்கவில்லை. "விசாரிச்சேன். இருபத்திரண்டு வருஷமா எப்படி விசாரிச்சேனோ அப்படித்தான். முதல்ல கிழங்கு, அப்புறம் தண்ணி, அப்புறம் உப்பு. மூணு தடவை மூணு விரலால. ஒரு நாளைக்கு எவ்வளவு பொட்டாசியம் உள்ள போச்சுன்னு கணக்குப் போட்டுத் தாள்ல எழுதி இணைச்சிருக்கேன், பாருங்க. ரத்த முடிவோட சரியா ஒத்துப்போகும். இது சமையல் பேச்சுன்னா, நீங்க மன்றம் வெச்சதே சமையல் பேச்சுதான். நான் தொழில் செஞ்சேன். குற்றம்னா குற்றம்னு எழுதிக்கோங்க. ஆனா தொழில்னு எழுதுங்க."

இரண்டாவது உறுப்பினர் அந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் படித்தார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டு, டப்பாவின் பின்பக்கத்தில் சோடியத்துக்கு அடுத்து என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்கச் சொன்னார். மாஸ்டர் படித்தார். அது சிறுநீரகம் கெட்டவரை என்ன செய்யும் என்று உறுப்பினர் கேட்டார். மாஸ்டர் கோட்டு வில்லையைச் சரி செய்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டு உத்தரவுகள் வந்தன. எண் 41 ஒரு வருடத்துக்கு முடக்கம், அந்த உப்பைக் கடையிலிருந்து அகற்ற வேண்டும். நல்லது. இரண்டாவது அவளுக்கு. பதிவின்றித் தொழில் செய்ததற்காகக் கண்டனம், அபராதம்.

"ஒரு வருஷம்! உயிர் போயிருந்தா எத்தனை வருஷம் போட்டிருப்பாங்க?" என்று அவள் குதித்தாள். "விண்ணப்பத்தைத் திருப்பினப்ப நீ உணவியலாளரே இல்லைன்னாங்க. இப்ப உணவியலாளரா வேலை செஞ்சேன்னு தண்டிக்கறாங்க. அது எந்த வாய், இது எந்த வாய்?"

கணவர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க மற்றவர்களின் தாள்களைப் பார்த்துத் தேய்ந்த கண்.

"இதைக் கேளு. 'மேற்படி நபர், குறிப்பிட்ட தேதியில், உணவியலாளராக நோயாளியின் உணவு வரலாற்றை முறைப்படி எடுத்து ஆலோசனை வழங்கியுள்ளார். இருபத்திரண்டு ஆண்டுகளாக மருத்துவமனையில் இத்தொழிலைச் செய்து வந்துள்ளார் என்பதை மன்றம் உண்மையெனக் காண்கிறது.'"

அவள் குதிப்பதை நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"முத்திரை இருக்கா?"

"இருக்கு. உருண்டையா, ஊதா கலர்ல. ரெண்டு இடத்துல."

மறுநாள் காலை மூன்றாம் ஜன்னல் திறக்கும்போது அவள்தான் முதல் ஆள். அதே குமாஸ்தா. புது விண்ணப்பத்தைப் பிரித்து, பட்டத்தின் நகலைப் பார்த்து, அடுத்த தாளுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இது தண்டனை உத்தரவும்மா."

"ஆமா சார். உணவியலாளரா தொழில் செஞ்சதுக்கு அரசு முத்திரையோட ஒரு தாள் கேட்டீங்க. இத விடப் பெரிய முத்திரை என்கிட்ட இல்ல."

"இதப் போய் எப்படிம்மா சான்றா..."

"பொய்யா?"

"மன்றம் சொன்னது எப்படிப் பொய்யாகும்?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது குமாஸ்தாவுக்கு உறைத்தது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே ஒருவர் குரல் உயர்ந்தது, இன்னொருவர் சிரித்தது கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பின்னால் வரிசை நீண்டது. அவள் நகரவில்லை. திரும்பி வந்த குமாஸ்தா விண்ணப்பத்தின் மேல் 'ஏற்கப்பட்டது, பரிசீலனையில்' என்று முத்திரை குத்தி, ரசீதை ஜன்னலுக்கு வெளியே தள்ளினார்.

"நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் ஆலோசனை சொல்லாம இருங்க, நல்லா இருப்பீங்க."

சரக்கறை வாசலில் இன்னும் கொஞ்ச நேரத்தில் நான்கு பெண்களும் ஒரு மாமனாரும் காத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வேன்காரரின் தங்கையும் அதில் ஒருத்தி. அண்ணிக்குப் பதில் இன்று அவள் சமைக்கிறாளாம்.

"சொல்லாம இருக்க முடியாது சார்" என்றாள் உப்பில்லாம்மா, ரசீதை மடித்துக்கொண்டே. "பதினோரு மணிக்கு அஞ்சு பேர் வராங்க. அதுக்கும் ஒரு உத்தரவு போடுங்க. இதோட சேர்த்து இணைச்சிடறேன்."